அரிசிப் பானைக்குள் ஒரு மருந்து டப்பா

மன்னார் வளைகுடாவில் மூழ்கிப் பாசி எடுக்கும் ஒரு அக்கா. (அவர் சம்மதித்துத்தான் எழுதுகிறேன், ஊர்ப் பெயர் வேண்டாம்.) எச்.ஐ.வி. கூட்டு மருந்து டப்பாவைப் பழைய துணியில் சுற்றி அரிசிப் பானைக்குள் வைத்திருக்கிறார். மாத்திரை குலுங்கும் சத்தம் கேட்கக் கூடாதென்று உள்ளே பஞ்சு வேறு.

"புருஷன் சரியில்லை" என்று ஊர் ஒரே பேச்சில் முடித்துவிடுகிறது. எனக்கு மனசு ஆறவில்லை. ஏப்ரல் 15-லிருந்து 61 நாள் இங்கே விசைப்படகுக்குத் தடை. முன்பணக் கடன் கழுத்தைப் பிடிக்க, அக்காவின் புருஷன் மங்களூர்ப் பக்கம் படகேறினார். மாதக்கணக்கில் திரும்பவில்லை. தனிமை, குடி, கையில் கொஞ்சம் காசு. ஆணுறை பற்றி அவரிடம் யாரும் பேசியதில்லை. வீட்டுக்கு வந்தவரிடம் அக்கா கேட்டிருக்க முடியுமா?

"கேட்டா என்னையத்தான தாயி சந்தேகப்படுவாக" என்றார்.

மருந்து 2004-லிருந்து அரசு மையங்களில் இலவசம்தான். ஆனால் வாங்கப் போகும் நாளில் பஸ் காசும் போகிறது, பாசி வருமானமும் போகிறது. அப்படியும் அக்கா ஒரு வேளை தவறவிட்டதில்லை. வைரஸ் அளவு பரிசோதனையில் தெரியாத அளவுக்குக் குறைந்து அப்படியே நீடித்தால் உடலுறவு வழியாக அடுத்தவருக்குப் பரவாது. இதை எத்தனை பேர் அறிவோம்?

நம்பிக்கை மையத்தில் (அரசின் எச்.ஐ.வி. ஆலோசனை, பரிசோதனை மையம்) பரிசோதனை இலவசம், ரகசியம். எய்ட்ஸ் உதவி எண் 1097-க்கும் கூப்பிடலாம். தனியாகப் போகத் தயக்கமென்றால் இன்பாக்ஸில் சொல்லுங்கள், கூட வருகிறேன்.