காதை எங்கே கழற்றி வைப்பது?

பிற்பகல் 2 மணிச் சங்கு ஊதியதும், எங்கள் ஆலைத் தொழிலாளி ஒருவரின் சட்டைக் காலரில் மாட்டியிருந்த இரைச்சல் அளவுமானியைக் கழற்றினேன். அவர் காது அடைப்பான்களை எடுத்துவிட்டு, பிரஸ் எந்திர ஓசைக்கு மேலாகக் கத்திச் சொன்னார்: “மீட்டரைக் கழற்றிவிட்டீர்கள் சார். எனக்கு 6 மணி வரை ஓவர்டைம் இருக்கிறது. காதை எங்கே கழற்றி வைப்பது?”

சிரித்தேன். “கணக்கு எட்டு மணி நேரத்துக்குத்தான் அண்ணே” என்றேன்.

அன்றைய சராசரி 89 டெசிபல். எட்டு மணி நேரத்துக்கு வரம்பு 90. ‘வரம்புக்குள் உள்ளது’ என்று எழுதிக் கையெழுத்திட்டேன். அதில் பொய் இல்லை. நாங்கள் பார்க்கும் அட்டவணையே 90-இல்தான் தொடங்குகிறது. கருவியும் வாடகைக்கு எடுத்தது, மாலைக்குள் திருப்பியாக வேண்டும். ஆனால் 5 டெசிபல் கூடினால் அந்த இரைச்சலில் நிற்கக்கூடிய நேரம் பாதி என்ற அதே கணக்கைக் கீழ்நோக்கி நீட்டினால், 89-க்கு ஒன்பது மணி நேரத்துக்குச் சற்று மேல்தான் வருகிறது. அவர் நின்றது பன்னிரண்டு. ஆலை இருக்கும் சேதராப்பட்டிலிருந்து வீடு திரும்பும் பஸ்ஸிலேயே இதைப் போட்டுப் பார்த்துவிட்டேன். மறுநாள் அறிக்கையைத் திருத்தவில்லை.

அடைப்பான் கொடுத்திருந்தோமே என்று சமாதானம் சொல்லிக்கொள்வேன். அதை மெல்லியதாக உருட்டி, காதை மேலும் பின்னுமாக இழுத்துச் செருகி, உப்பும்வரை விரலால் பிடித்திருக்க வேண்டும். அந்த இரைச்சலில் நானே சைகையால் கற்றுக்கொடுத்தேன். பாதிப் பேருக்கு அது காதுக்கு வெளியே எட்டிப்பார்த்துக்கொண்டிருக்கும். அதிகாரிகள் வரும் நாளில் மட்டும் உள்ளே போகும். இதற்கும் நான்தான் பொறுப்பா?

பிறகு எடுத்த செவிச் சோதனையில் அவருக்கு 4,000 ஹெர்ட்ஸில், அதாவது கீச்சென்ற ஒலியில், கேட்கும் திறனில் பள்ளம் விழுந்திருந்தது. இரைச்சல் பெரும்பாலும் முதலில் கைவைக்கும் இடம். எங்களிடம் வருமுன் அவர் ஒரு பஞ்சாலையின் தறிக்கூடத்தில் இருந்தவர். எனவே அங்கேயே வந்திருக்கலாம். மருத்துவரிடம் இதை நான்தான் முந்திக்கொண்டு சொன்னேன். மருத்துவர் விசாரிக்கவே இல்லை. செத்த செவிச் செல் மறுபடி முளைப்பதில்லை; எந்த ஆலை தின்றது என்று அது எழுதி வைப்பதுமில்லை. இது எனக்குச் சாதகமான உண்மை என்பதுதான் உறுத்துகிறது.

அவர் என்மேல் கோபமாக இல்லை. ஓவர்டைமைக் குறைத்துவிடுவார்களோ என்பதுதான் அவர் கவலை. ஆகவே அவருக்காகத்தான் வாயை மூடிக்கொண்டேன் என்றும் சொல்லலாம். சில நாட்கள் அப்படியே நம்புகிறேன்.

அடுத்த அளவீடு வரும் மாதம். கருவி வாடகைக்கான படிவம் மேசையில் கிடக்கிறது. ‘எத்தனை மணி நேரம்’ என்ற கட்டத்தை மட்டும் இன்னும் நிரப்பவில்லை.