மேல் கம்பி: தேவனாம்பட்டினம் பால்கனி பழுது நாட்குறிப்பு

ஜனவரி 4

கடலூர் தேவனாம்பட்டினம். கடலைப் பார்த்த முதல் மாடி பால்கனி. நீளம் 12 அடி, சுவரிலிருந்து வெளியே நீட்டல் 4 அடி, தளத்தின் கனம் 4 அங்குலம். அடிப்பக்கம் பூச்சு பெயர்ந்து இரண்டு இடத்தில் கம்பி தெரிகிறது. சின்னச் சுத்தியலால் அடிக்கு ஒரு தட்டு தட்டிக்கொண்டே போய், பொக்குச் சத்தம் வந்த இடத்தையெல்லாம் சாக்பீஸால் வளைத்தாயிற்று. ஏறக்குறைய பாதிப் பரப்பு பொக்கு.

கண்ணில் படுவது அடிப்பக்கம்தான். ஆனால் முதலில் பயப்பட வேண்டியது மேல்பக்கத்துக்கு. அறைத் தளத்துக்கு இரண்டு பக்கமும் சுவர் தாங்குவதால் இழுவை, அதாவது தளத்தை இழுத்துப் பிளக்கும் விசை, அடியில் விழும். அங்கே கம்பியும் அடியில் இருக்கும். பால்கனிக்கு ஒரு பக்கம்தான் பிடிமானம். இழுவை முழுக்க மேலே, அதுவும் சுவரை ஒட்டிய கோட்டில் அதிகம். அந்த மேல் கம்பி டைல்ஸுக்கு அடியில் மறைந்திருக்கிறது. சுவர் ஓரமாக நீளவாக்கில் டைல்ஸ் விரிந்திருந்தாலோ, வெளி விளிம்பு தாழ்ந்திருந்தாலோ அன்றைக்கே பால்கனிக் கதவைப் பூட்டிவிட வேண்டும். இங்கே 7 அடி நீளத்துக்கு அப்படி ஒரு கீறல் இருக்கிறது. பூட்டியாயிற்று, கீழே யாரும் நிற்காதபடி கயிறும் கட்டியாயிற்று.

ஜனவரி 6

மூன்று பேர் வந்து பார்த்தார்கள். முதல் இருவரும் அண்ணாந்து பார்த்துவிட்டு, “அடியில கொத்திப் பூசி பெயிண்ட் அடிச்சுடலாம் சார்” என்று சதுர அடிக்கு விலை சொன்னார்கள். மூன்றாமவர் மாடிக்குப் போய்ச் சுவரோரக் கீறலில் நகத்தை வைத்துப் பார்த்தார்; முட்டு கொடுக்காமல் கை வைக்க முடியாது என்றார். அவர் மதிப்பீடுதான் மூன்றிலும் அதிகம். வேலை அவருக்கு.

காண்ட்ராக்டரைத் தேர்ந்தெடுக்க இந்த ஒரு கேள்வி போதும் என்றே சொல்லலாம்: முதல் நாள் என்ன செய்வீர்கள்? “முட்டு” என்று பதில் வராவிட்டால் வேண்டாம். அடுத்து, ஒரு வடகிழக்குப் பருவமழையாவது தாண்டிய அவருடைய பழுது வேலையை நேரில் போய்த் தட்டிப் பார்க்க வேண்டும். புதிதாகக் கட்டிய வீட்டைக் காட்டினால் பழுது வேலை தெரிந்தவர் என்று ஆகாது.

ஜனவரி 8

ஒப்பந்தம் எழுதியாயிற்று. மொத்தத்துக்கு ஒரு தொகை என்று போடவில்லை. முட்டு, கொத்துதல், கம்பி, பாலிமர் கலவை (லேடெக்ஸ் சேர்த்த சிமெண்ட் கலவை), நீர்த்தடுப்பு, கிரில் எனத் தனித்தனி அளவு, தனித்தனி விலை. கொத்திப் பார்த்தால்தான் சேதத்தின் அளவு தெரியும் வேலை இது. மொத்தத் தொகை பேசினால் சேதம் கூடக்கூடக் கொத்துவது குறையும்.

முன்பணம் 15 சதவீதம். கம்பி சுத்தமான பிறகு ஒரு தவணை, நீர் தேக்கிச் சோதித்த பிறகு ஒரு தவணை. 10 சதவீதம் அடுத்த மழைக்காலம் முடியும் வரை நிறுத்தி வைப்பு. எல்லாவற்றையும் விட முக்கியமான வரி: வீட்டுக்காரரும் பொறியாளரும் பார்த்து, படம் எடுக்கும் முன் எந்தக் கம்பியையும் மூடக் கூடாது. ஆட்களுக்கு ஹெல்மெட்டும் இடுப்போடு தோளையும் பிடிக்கும் பெல்ட்டும் காண்ட்ராக்டர் பொறுப்பு. சாரம் பக்கத்தில் போகும் மின்கம்பியைத் தொடும் தூரத்தில் இருந்தால் மின்வாரியத்தில் சொல்லி இணைப்பை நிறுத்திய பிறகே வேலை.

ஜனவரி 11

போகி வந்தால் காணும் பொங்கல் முடியும் வரை ஆள் கிடைக்காது. அதற்குள் முட்டு நின்றுவிட்டது. கடலூர்ப் பக்கம் சவுக்குக் கழிக்குப் பஞ்சமில்லை என்றாலும் உயரத்தைத் திருகிச் சரிசெய்ய இரும்பு ஜாக்கிதான் வசதி. விளிம்பை ஒட்டி ஒரு வரிசை, நடுவில் ஒரு வரிசை, 3 அடிக்கு ஒன்று. கீழே மணல் தரை. வெறும் தரையில் நட்டால் புதையும். 2 அங்குலப் பலகை போட்டு அதன் மேல் நிறுத்த வேண்டும். ஜாக்கியைத் தளத்தைத் தொட்டு இறுகும் வரை மட்டும் திருகலாம். தாழ்ந்த விளிம்பைத் தூக்கிவிடலாம் என்று மேலும் திருகினால் புது விரிசல் விழும்.

ஜனவரி 19

சுவரை ஒட்டி 2 அடி அகலத்துக்கு டைல்ஸும் அடிக் கலவையும் எடுத்தாயிற்று. பழைய டைல்ஸ் மேலேயே புது டைல்ஸ் ஒட்டியிருக்கிறார்கள். கலவையோடு 3 செ.மீ. கனம் ஏறினாலே சதுர மீட்டருக்கு 60 கிலோ கூடும். இரண்டையும் எடுக்கச் சொல்லியாயிற்று.

8 மி.மீ. கம்பி, 6 அங்குல இடைவெளி, மொத்தம் 25. கான்கிரீட் போட்டபோது ஆள் மிதித்து அழுத்தாமல் கம்பி மேலேயே இருக்கிறது, நல்ல காலம். 4 அங்குலத் தளத்தில் அது நடுவுக்கு இறங்கியிருந்தால் தாங்கும் பலத்தில் மூன்றில் ஒரு பங்கு போயிருக்கும். பூசி மீட்க முடியாது.

துருவைச் சுரண்டிவிட்டு வெர்னியர் அளவுகோலால் அளந்ததில் மூன்று கம்பி 6.5 மி.மீ. வெட்டுப்பரப்பில் 34 சதவீதம் போய்விட்டது. கால் பங்குக்கு மேல் போனால் பக்கத்தில் புதுக் கம்பி சேர்ப்பது வழக்கம். துரு இல்லாத பகுதியில் இரண்டு பக்கமும் கம்பி விட்டத்தைப் போல 50 மடங்கு, அதாவது 40 செ.மீ. நீளத்துக்குப் புதுக் கம்பி பழையதோடு சேர்ந்து போக வேண்டும். மூன்றும் கதவு நேரில் இருப்பதால் நிலைப்படியைத் தாண்டி அறைத் தரைக்குள் கொத்த முடிகிறது. சுவருக்கு அடியில் இருந்திருந்தால் துளையிட்டு எபாக்சிப் பசையில் ஊன்ற வேண்டும்; அந்த ஆழத்தைப் பொறியாளர் கணக்கிட்டு எழுதித் தர வேண்டும், மேஸ்திரி கைக்கணக்கு கூடாது.

கொத்துவதற்குச் சின்ன பிரேக்கர் மெஷின். கம்பிக்குப் பின்னாலும் விரல் நுழையும் அளவு, 20 முதல் 25 மி.மீ., கான்கிரீட் எடுக்க வேண்டும். முன்பக்கம் மட்டும் தேய்த்து மூடினால் பின்பக்கத்துத் துரு உப்பி மறுபடி வெடிக்கும். துரு தன் இரும்பைப் போலப் பல மடங்கு இடம் கேட்கும்.

ஜனவரி 22

மேல்பக்கம். கம்பிக்கு ஜிங்க் பிரைமர் என்ற துருத்தடுப்புப் பூச்சு. கான்கிரீட் பரப்பை நல்ல தண்ணீரால் கழுவி, ஈரம் இருக்க, நீர் தேங்காமல், ஒட்டுப் பூச்சு. அது பிசுபிசுப்பாக இருக்கும்போதே கலவை ஏற வேண்டும். காய்ந்துவிட்டால் ஒட்டவைப்பதற்குப் பதில் பிரித்துவிடும். எனவே ஒரு கை பூச்சு அடித்தால் இன்னொரு கை கலவையோடு நிற்க வேண்டும். 50 கிலோ சிமெண்டுக்குக் கழுவிய மணல் 150 கிலோ, எஸ்.பி.ஆர். லேடெக்ஸ் (செயற்கை ரப்பர் பால்) 10 லிட்டர், தண்ணீர் தேவைக்கு மட்டும்.

இங்கே கிணற்றுத் தண்ணீர் உப்பு. கம்பி போட்ட கான்கிரீட்டுக்கான நீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்கிறது கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 456. லாரித் தண்ணீர் வாங்கியாயிற்று, அதையும் சோதித்து. சித்தாள் அவசரத்துக்குப் பக்கத்துக் குழாயில் பிடித்து ஊற்றிவிடாமல் அந்தக் குழாயைக் கட்டி வைத்திருக்கிறது.

ஜனவரி 24

அடிப்பக்கம். ஒரு சுற்றுக்கு 10 முதல் 12 மி.மீ.; கனமாக அப்பினால் தன் எடையில் தொங்கிக் கழன்றுவிடும். முதல் நாள் ஈரச்சாக்கு, பிறகு காற்றில் உலர விட வேண்டும். லேடெக்ஸ் கலவையைச் சாதாரணப் பூச்சு போல 7 நாள் ஊற வைக்கக் கூடாது.

பிப்ரவரி 2

வெளிப்பக்கம் நோக்கி 100-க்கு 1 சரிவு. விளிம்பின் அடியில் நீளம் முழுக்க 12 மி.மீ. காடி; நீர் அங்கேயே சொட்டிவிடும், அடித்தளத்தில் ஊர்ந்து வராது. பழையதில் காடியே இல்லை. சேதத்தில் பெரும்பங்கு இதனால்தான். நீர்த்தடுப்பு இரண்டு கோட், சுவரில் 6 அங்குலம் ஏற்றி. 25 மி.மீ. நீர் தேக்கி 48 மணி நேரம். அடியில் ஈரம் இல்லை.

பிப்ரவரி 7

விளிம்பில் இருந்த செங்கல் கைப்பிடிச் சுவர் இனி இல்லை. நாலரை அங்குலச் சுவர் 3 அடி உயரத்துக்கு மீட்டருக்கு 200 கிலோவுக்கு மேல், அதுவும் நீட்டலின் கடைக்கோடியில். அதற்குப் பதில் 316 ரகத் துருப்பிடிக்காத எஃகில் கிரில். 304 ரகம் கடற்காற்றில் பழுப்புப் புள்ளி விடும். உயரம் முடிந்த தரையிலிருந்து 1 மீட்டருக்குக் குறையக் கூடாது. டைல்ஸ் போட்டபின் அளக்க வேண்டும். கம்பிகள் நின்றவாக்கில், இடைவெளி 10 செ.மீ.க்குள். படுக்கைக் கம்பி குழந்தைக்கு ஏணி.

பூந்தொட்டி விளிம்பில் வேண்டாம். நனைந்த 12 அங்குலத் தொட்டி 25 கிலோ வரும். தண்ணீர்த் தொட்டி எந்த மூலையிலும் வேண்டாம்.

பிப்ரவரி 13

மேல் கலவை போட்டு 22 நாள். முட்டுகளை வெளி விளிம்பிலிருந்து தொடங்கிச் சுவரை நோக்கி, ஒவ்வொரு ஜாக்கியாகக் கால் திருகு கால் திருகாகத் தளர்த்தியாயிற்று. சுவர்ப் பக்கத்திலிருந்து எடுத்தால் வெளி வரிசை தாங்கலாக மாறி, தளம் நடுவில் தொங்கும். அங்கே அதற்கேற்ற கம்பி கிடையாது. எடுக்கும் முன்பும் பின்பும் விளிம்பின் மூன்று இடத்தில் தரையிலிருந்து உயரம் அளந்தோம். வித்தியாசம் 1 மி.மீ.க்குள். சுவரோரத்தில் புதுக் கீறல் இல்லை. கதவு திறந்தாயிற்று. அதே மூன்று இடத்தை ஐப்பசி மழைக்கு முன் ஒருமுறையும், நிறுத்தி வைத்த 10 சதவீதத்தைக் கொடுக்கும் முன் ஒருமுறையும் அளக்க வேண்டும். அளவுகளைக் கதவின் உள்பக்கம் எழுதி ஒட்டியிருக்கிறது.