பெற்றோர் விசா: ஐ-130 முதல் பிகேசி ஜன்னல் வரை, பாதி வேலை பெயரில்தான்

அமெரிக்க சிட்டிஸனான எங்கள் மகள் மூலமாக எனக்கும் என் மனைவிக்கும் ஐஆர்-5, அதாவது பெற்றோருக்கான குடியேற்ற விசா கிடைத்துவிட்டது. எனக்கு இன்டர்வியூ அன்றைக்கே சரி என்று சொல்லிவிட்டார்கள். மனைவிக்கு, இன்னும் காகிதம் வேண்டும் என்று சொல்லும் 221(ஜி) சீட்டைக் கையில் கொடுத்து இழுத்தடித்துவிட்டு, போன வாரம்தான் பாஸ்போர்ட்டைத் திருப்பினார்கள். மும்பை முலுண்டில் எங்கள் கட்டடத்திலேயே இன்னும் சில தமிழ்க் குடும்பங்கள் இதே வரிசையில் நிற்கின்றன. காலையில் நடக்கப் போனால் பிடித்துக்கொண்டு கேட்கிறார்கள். ஒவ்வொருவரிடமும் அதையே சொல்லி வாய் வலிக்கிறது, எழுதிவைத்துவிடுகிறேன்.

ஐ-130 என்பது பிள்ளை பெற்றோருக்காகப் போடும் பெட்டிஷன், என்விசி என்பது இன்டர்வியூவுக்கு முன் காகிதங்களைச் சரிபார்க்கும் அமெரிக்க விசா மையம்; அதற்கு மேல் விளக்கப் போவதில்லை. உங்களுக்குத் தெரியாவிட்டாலும் உங்கள் பெண்ணுக்கோ பிள்ளைக்கோ தெரிந்திருக்கும். நான் அழுத்திச் சொல்ல வருவது ஒன்றைத்தான்: பெயர். கட்டணம், மெடிக்கல், போட்டோ அளவு எல்லாம் தானாக நடந்துவிடும். தமிழர்கள் மாட்டிக்கொள்கிற இடம் பெயர்.

மும்பையில் எந்த கவுன்டருக்குப் போனாலும் முதல் கேள்வி “ஆட்நாவ்?” நமக்கு ஏது குடும்பப் பெயர்? இனிஷியல் இருக்கிறது, அப்பா பெயர் இருக்கிறது, வேண்டுமானால் ஊர்ப் பெயர் இருக்கிறது. கட்டத்தை நிரப்பியாக வேண்டுமே என்று எழுதுகிறவர் தனக்குத் தோன்றியதைப் போட்டுக்கொள்கிறார். என் ரேஷன் கார்டில் ஊர்ப் பெயர் கடைசியில் ஒட்டிக்கொண்டது. வேலை பார்த்த வங்கியில் வெறும் இனிஷியல். பான் கார்டில் இனிஷியலை விரித்து அப்பா பெயர். என் மனைவி கதை இன்னும் மோசம். பள்ளியில் அவள் அப்பாவின் இனிஷியல். ரேஷன் கார்டில் நடுவில் என் பெயர், கடைசியில் என் அப்பா பெயர். பாஸ்போர்ட்டில் என் பெயரே குடும்பப் பெயர். ஒரே மனுஷி, மூன்று பேராகப் பிரிந்து கிடந்தாள்.

மகளும் தப்பவில்லை. 2004-ல் மேல்படிப்புக்குப் போனபோது அவள் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலி. அப்படி ஒற்றைப் பெயரோடு போனால் அமெரிக்க விசாவில் அந்தப் பெயரைக் குடும்பப் பெயராக்கி, முதல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் “எஃப்என்யூ” என்று அச்சடித்துவிடுவார்கள், முதல் பெயர் தெரியாது என்று அர்த்தம். அது டிரைவிங் லைசென்ஸ் வரைக்கும் தொடர்ந்தது. கடைசியில் குடியுரிமைக்கான என்-400 படிவத்திலேயே பெயர் மாற்றத்துக்கும் கேட்டு, நீதிபதி முன்னால் உறுதிமொழி எடுத்தபோதுதான் ஒழுங்கான பெயர் கிடைத்தது. ஆனால் இதன் இன்னொரு பக்கத்தையும் பாருங்கள். பெட்டிஷன் போடுகிறவளின் குடியுரிமைச் சான்றிதழில் ஒரு பெயர், “இவள் என் மகள்” என்று நான் காட்டுகிற மும்பை பிறப்புச் சான்றிதழில் வேறு பெயர். பெயர் மாற்ற ஆணையின் நகல் இல்லாமல் ஐ-130 போடக் கூடாது. உங்கள் பிள்ளைகள் இன்னும் என்-400 போடவில்லை என்றால், எந்தப் பெயரில் சிட்டிஸன் ஆகப் போகிறார்கள் என்பதை இப்போதே குடும்பமாக உட்கார்ந்து முடிவு செய்யுங்கள்.

அந்தக் குடியுரிமைத் தேர்வைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. அவள் எழுதியபோது 100 கேள்விகள் கொண்ட பட்டியல். அதில் 10 கேட்பார்கள், 6 சொன்னால் போதும். ஞாயிற்றுக்கிழமைகளில் போனில் நான்தான் கேள்வி கேட்பேன். அரசியல் சாசனத்துக்கு எத்தனை திருத்தம் என்றேன். 27 என்றாள். “நம்மளோடது எத்தனைப்பா?” என்று திருப்பிக் கேட்டாள். நூறைத் தாண்டியது என்பதற்கு மேல் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. இப்போது விதி மாறிவிட்டது: 2025 அக்டோபர் 20 முதல் என்-400 போடுகிறவர்களுக்கு 128 கேள்விகள், 20 கேட்பார்கள், 12 சரியாக இருக்க வேண்டும். அவளைப் பாடாய்ப் படுத்தியது கேள்விகள் அல்ல, ஐந்து வருடத்தில் நாட்டை விட்டு வெளியே போய் வந்த தேதிகளின் பட்டியல்.

சரி, நான் செய்த காரியத்துக்கு வருகிறேன். வங்கியில் கடைசி சில வருடங்கள் இன்ஸ்பெக்‌ஷனில் இருந்தவன். வரவு செலவு டேலி ஆகாத கணக்கைப் பார்த்தால் எனக்குத் தூக்கம் வராது. அதே புத்திதான் இங்கேயும் வேலை செய்தது. ஆளுக்கு ஒரு தாள் எடுத்தேன். இடது பக்கம் ஆவணத்தின் பெயர், அடுத்து அதில் அச்சாகியிருக்கிற பெயர் எழுத்துக்கு எழுத்து, அடுத்து பிறந்த தேதி, பிறந்த ஊர், கடைசியில் “வேறுபாட்டுக்குக் காரணம்”. பாஸ்போர்ட், பழைய பாஸ்போர்ட், ஆதார், பான், ரேஷன் கார்டு, எஸ்எஸ்எல்சி புத்தகம், திருமணப் பதிவு, பென்ஷன் ஆணை எல்லாம் வரிசையாக. இதை யாரும் கேட்பதில்லை, எந்த அதிகாரபூர்வப் பட்டியலிலும் இல்லை. ஆனாலும் செய்யுங்கள்.

தாள் முடிந்த அன்றைக்கே தெரிந்துவிட்டது எங்கே ஓட்டை என்று.

என் ஓட்டை பிறந்த தேதியில். நான் 1956-ல் தஞ்சாவூர் மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் வீட்டிலேயே பிறந்தவன், பதிவு கிடையாது. அப்படியென்றால் தாலுகா அலுவலகத்தில் “பதிவு இல்லை” என்ற சான்றை வாங்க வேண்டும். கூடவே பள்ளிச் சான்றும், நம் பிறப்பை அறிந்த மூத்த உறவினரின் அஃபிடவிட்டும். கும்பகோணத்தில் இருக்கும் என் அண்ணாவிடம் போனேன். அவர் ஜாதகக் கட்டை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். “டேய், நீ பொறந்தது ஆவணி மூலம்டா. ஸ்கூல்ல சேர்க்கணும்னு வாத்தியார் ஜூன் ஒண்ணுன்னு போட்டுட்டார். பொய்யான தேதிக்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன்.” என் வயதுக்காரர்களில் பாதிப் பேருக்கு ஜூனில்தான் பிறந்தநாள் என்பது உங்களுக்கும் தெரியும். அண்ணாவைச் சமாதானப்படுத்துவது கான்சுலேட்டைச் சமாதானப்படுத்துவதை விடக் கடினமாக இருந்தது. கடைசியில் அஃபிடவிட்டில் இரண்டு தேதியையும் எழுதினோம்: குடும்பத்தில் சொல்லப்படும் தேதி இது, பள்ளியில் பதிவாகி எல்லா அரசு ஆவணத்திலும் தொடர்வது இது, இரண்டும் ஒருவரையே குறிக்கும். அண்ணாவுக்கும் திருப்தி.

மனைவி மாதுங்காவில் பிறந்தவள். மாநகராட்சிப் பதிவு இருக்கிறது, அதனால் அவள் பக்கம் சுலபம் என்று எல்லாரும் சொன்னார்கள். சான்றிதழ் வந்தது: பெண் குழந்தை, அப்பா பெயர், அம்மா பெயர், தேதி. குழந்தையின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கோடு. அந்தக் காலத்தில் பெயர் வைக்கும் முன்பே பதிவு முடிந்துவிடும், பிறகு யாரும் போய்ச் சேர்ப்பதில்லை. நான் என் தாளில் அந்த வரிசையில் “பெயர் இல்லை” என்றே எழுதினேன்.

இனி கடகடவென்று:

- அம்மாவுக்கு ஒரு ஐ-130, அப்பாவுக்குத் தனியாக ஒரு ஐ-130. ஒன்றில் இருவரையும் சேர்க்க முடியாது.
- அப்பாவுக்கான பெட்டிஷனில் பெற்றோரின் திருமணச் சான்றும் வேண்டும். கோயிலில் கல்யாணம் ஆகிப் பதிவு செய்யாதவர்கள் கல்யாணம் நடந்த ஊரின் சார்பதிவாளர் அலுவலகத்தில் முதலில் அதை முடியுங்கள். பழைய கல்யாணப் பத்திரிகையைத் தூக்கிப் போட்டிருக்காதீர்கள்.
- போலீஸ் சான்று பாஸ்போர்ட் சேவா மூலமாக. பதினாறு வயதுக்குப் பிறகு வேறு நாட்டில் ஒரு வருடமோ அதற்கு மேலோ இருந்திருந்தால் அங்கிருந்தும் வேண்டும். கல்ஃபில் வேலை பார்த்தவர்கள் இதைக் கடைசியில் நினைத்துக்கொண்டு அலைகிறார்கள்.
- எஸ்எஸ்எல்சி புத்தகத்துக்கு லேமினேஷன் வேண்டாம். ஏற்கெனவே போட்டிருந்தால் பிரிக்கப் போகாதீர்கள், கிழிந்துவிடும்.
- டிஎஸ்-260 (குடியேற்ற விசா விண்ணப்பம்) கட்டணம் தலைக்கு 325 டாலர். விசா வந்த பிறகு, கிளம்பும் முன் தலைக்கு இன்னொரு 235 டாலர் கட்டினால்தான் கிரீன் கார்டு அச்சாகி வரும்.
- மெடிக்கலை இன்டர்வியூவுக்கு முந்தின நாட்களில் வைத்துக்கொள்ளாதீர்கள். எக்ஸ்ரேயில் பழைய காசநோய்த் தழும்பு மாதிரி ஏதாவது தெரிந்தால் சளியைக் கல்ச்சர் செய்து பார்க்க எட்டு வாரம் ஆகும்.
- ஏஜென்ட் வேண்டாம். இது என் சுபாவம். உங்களுக்குப் பொறுமை இல்லை என்றால் வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் டிஎஸ்-260-ஐ ஒரு முறை நீங்களே முழுதாகப் படிக்காமல் அனுப்பவிடாதீர்கள்.

ஐ-864 என்கிற ஸ்பான்ஸர் உறுதிப் பத்திரம் பற்றி மட்டும் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். ஆயுள் முழுக்க அடுத்தவர் லோனுக்கு கேரண்டி போட்டவர்களைப் பார்த்துப் பாவப்பட்டவன் நான். இப்போது என் மகள் எனக்கும் அவள் அம்மாவுக்கும் கேரண்டி போடுகிறாள். அவள் குடும்பத்தையும் எங்களையும் கூட்டி வரும் தலைக்கணக்குக்கு, அந்நாட்டு வறுமைக்கோட்டு வருமானத்தின் 125 சதவீதமாவது அவளுக்கு வருமானம் இருக்க வேண்டும். குறைந்தால் கூட்டு ஸ்பான்ஸர் தேட வேண்டும். நாங்கள் அங்கே சிட்டிஸன் ஆகும் வரைக்குமோ, 40 காலாண்டு வேலை செய்து கணக்கில் சேரும் வரைக்குமோ அந்தப் பொறுப்பு அவள் தலையில். எழுபதை நெருங்குகிறவன் பத்து வருடம் வேலைக்கா போகப் போகிறேன்? இதை அவளிடமும் மாப்பிள்ளையிடமும் வெளிப்படையாகப் பேசிவிட்டுத்தான் கையெழுத்து வாங்கினேன். பேசாமல் விடுகிற குடும்பங்களில் பிற்பாடு சங்கடம் வருகிறது, பார்த்திருக்கிறேன்.

இன்னொரு கசப்பு. எங்கள் மகன் எங்களோடு வர முடியாது. பெற்றோர் பிரிவில் துணைக்கு யாரையும் சேர்க்க முடியாது. அக்கா தம்பிக்காகப் போடும் எஃப்4 வரிசை இந்தியர்களுக்குப் பதினைந்து வருடத்துக்கும் மேல். “போட்டு வைக்கட்டுமாப்பா?” என்றாள். போடு என்றேன். அவன் ரிட்டயர் ஆகும்போது வரும் போல.

விசிட்டராகப் போய் அங்கேயே கிரீன் கார்டுக்கு மாற்றிக்கொள்ளலாமே என்று சிலர் சொல்வார்கள். குடியேறும் எண்ணத்தை மனதில் வைத்துக்கொண்டு சுற்றிப் பார்க்க வந்தேன் என்று சொல்லி நுழைந்தால், பிறகு அதையே பிடித்துக்கொள்வார்கள். எனக்கு அது ஒத்துவராது.

இன்டர்வியூ நாள். முலுண்டிலிருந்து குர்லா வரை லோக்கல், அங்கிருந்து ஆட்டோவில் பிகேசியில் இருக்கும் அமெரிக்க கான்சுலேட். போன் உள்ளே கொண்டுபோக முடியாது, வீட்டிலேயே வைத்துவிடுங்கள். சென்னையிலிருந்து வந்தவர்களும் வரிசையில் நின்றார்கள், ஒரு அம்மா “இங்க தமிழ்ல கேப்பாங்களா தம்பி?” என்று என்னைப் போய்த் தம்பி என்று கூப்பிட்டுக் கேட்டார், மனசு நிறைந்தது. எங்களுக்குக் கேட்டவை:

- பெட்டிஷன் போட்டது யார், எங்கே இருக்கிறார், என்ன வேலை?
- அவர் எப்போது சிட்டிஸன் ஆனார்?
- எத்தனை பிள்ளைகள், மற்றவர் எங்கே?
- முன்பு போனபோது எவ்வளவு நாள் தங்கினீர்கள்?

அவ்வளவுதான். என் தாளை ஜன்னலுக்குள் தள்ளினேன். அதிகாரி சின்ன வயது. பேனாவைத் தாளில் தொடாமல் வரிசை வரிசையாக இறக்கிக்கொண்டே போனார். கடைசிப் பத்தியைப் படித்துவிட்டுத் தலையை ஆட்டினார். என்னுடையது முடிந்தது. அடுத்து மனைவியின் தாள். பேனா “பெயர் இல்லை” என்ற வரிசையில் நின்றது. பள்ளி விடுகைச் சான்றிதழின் அசல் இருக்கிறதா என்றார். எங்களிடம் நகல்தான் இருந்தது. சீட்டு வந்தது.

வீட்டுக்கு வந்ததும் மைத்துனர் என்னைப் பிடித்துக்கொண்டார்: “நீங்களே ஏன் அத்தான் எழுதிக் காட்டினீங்க?” நான் அப்படி நினைக்கவில்லை. சான்றிதழ் அவர் கையில்தான் இருந்தது, அந்தக் கோடு அவர் கண்ணில் பட்டே தீரும். நாமாகச் சொன்னால் சந்தேகம் அந்த ஒரு காகிதத்தோடு நிற்கும். அவராகக் கண்டுபிடித்தால் நம் மற்ற காகிதங்கள் மேலும் போகும். பள்ளியில் அசலைத் தேடி எடுக்க வைத்தது தனிக் கதை, பழைய பதிவேடு ஈரம் பட்டு ஒட்டிக்கொண்டிருந்தது. அசலையும், மனைவியின் அக்கா கொடுத்த அஃபிடவிட்டையும், அதே தாளின் புதுப் பிரதியையும் சேர்த்துக் கொடுத்தோம். வேறு கேள்வி வரவில்லை.

அங்கே போய் நாங்களும் சிட்டிஸன் ஆவோமா என்று கேட்கிறார்கள். கிரீன் கார்டோடு ஐந்து வருடம், அதில் பாதி நாளாவது அங்கே இருக்க வேண்டும். ஐம்பது வயதைத் தாண்டி 20 வருடமோ, ஐம்பத்தைந்தைத் தாண்டி 15 வருடமோ கிரீன் கார்டில் இருந்தவர்களுக்கு ஆங்கிலத் தேர்வு கிடையாது, குடிமையியலைத் தமிழிலேயே மொழிபெயர்ப்பாளர் வைத்துச் சொல்லலாம். என் கணக்கில் அதற்குள் எனக்கு எண்பத்தைந்து ஆகிவிடும். அதனால் இங்கிலீஷிலேயே எழுதிவிடுவேன். மனைவிக்கு இந்தப் பேச்சே பிடிக்கவில்லை. இந்தியப் பாஸ்போர்ட்டை ஒப்படைக்க மாட்டாளாம்.

கிளம்பும் முன் பென்ஷன்காரர்கள் கவனிக்க வேண்டியது: அங்கே குடியிருக்கும் எண்ணத்தோடு போகிறவர் ஃபெமா என்கிற அந்நியச் செலாவணிச் சட்டப்படி வெளிநாட்டில் வசிப்பவர், சாதாரண சேமிப்புக் கணக்கை என்ஆர்ஓ (வெளிநாட்டில் வசிப்பவருக்கான) கணக்காக மாற்றச் சொல்லி வங்கியில் எழுதிக்கொடுங்கள். பென்ஷன் அதிலேயே வரும். நாமினேஷனையும் பாருங்கள், அதிலும் பெயர் பாஸ்போர்ட்டில் இருக்கிற மாதிரியே இருக்கட்டும். உயிர்ச் சான்று நவம்பரில் கொடுக்க வேண்டும். போனில் முகத்தைக் காட்டி ஜீவன் பிரமாண் எடுக்கலாம் என்கிறார்கள், ஆனால் ஆதாரில் இருக்கும் பெயரும் பென்ஷன் ஆணையில் இருக்கும் பெயரும் என் விஷயத்தில் இன்னும் ஒத்துப்போகவில்லை. அதனால் நான் இந்த நவம்பர் சான்றைக் கிளையிலேயே நேரில் கொடுத்துவிட்டுத்தான் டிக்கெட் போடுகிறேன்.