வெள்ளைச் சக்கரம்

ரிமோட்டில் ஓடும் ஆர்சி காரின் சக்கரத்துக்கு ஆசை ஆசையாய் அடித்த கறுப்பு பெயிண்ட், முதல் ஓட்டத்திலேயே பொருக்குப் பொருக்காய் உதிர்ந்துவிட்டது. பெயிண்ட் மேல் தப்பில்லை. சக்கரம் நைலான், அதில் பெயிண்ட் லேசில் பிடிக்காது.

சக்கரம் ஏபிஎஸ் என்ற பிளாஸ்டிக் என்றால் சோப்பு போட்டுப் பிசுக்குப் போகக் கழுவி, 600 நம்பர் உப்புத்தாளால் தேய்த்து, பிரைமர் கொடுத்து, மெல்லிசாக இரண்டு மூன்று கோட் அடிக்கலாம். டயர் ஒட்டும் விளிம்பை மட்டும் டேப் போட்டு மறைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் பசை பெயிண்டைத்தான் பிடிக்கும், சக்கரத்தை அல்ல.

நைலானுக்குச் சாயம்தான். அதற்கேற்ற துணிச்சாயத்தைச் சுடுநீரில் கலந்து முக்கி வைத்தேன். நிறம் உள்ளே இறங்கிவிட்டது, உரசினாலும் போகவில்லை. (நல்லவேளை, வெள்ளைச் சக்கரம். கறுப்பை எந்தச் சாயம் வெளுக்கும்?)

சாயம் காய்ச்சிய பாத்திரம் இனி சமையலுக்கு ஆகாது. வீட்டில் இன்னும் சொல்லவில்லை.