விழிப்புணர்வுக் கூட்டத்திற்கு முன்னும் பின்னும்

எங்கள் பணியிடத்தில் பெண்களுக்கு எதிரான வன்முறை குறித்த 16 நாள் விழிப்புணர்வு இயக்கத்தை நடத்தும் பொறுப்பு என்னிடமும் உடன் பணிபுரியும் வேறு சிலரிடமும் ஒப்படைக்கப்பட்டபோது, நிர்வாகம் எதிர்பார்த்தது எளிமையான ஒன்றைத்தான். முதல் நாள் அனைவரும் ஆரஞ்சு நிற உடையில் வருவது, உறுதிமொழி வாசிப்பது, சிறப்பு விருந்தினர் ஒருவரின் உரை, இறுதியில் ஒரு குழுப் படம். இவற்றில் எதையும் நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் கூட்டம் முடிந்த மறுநாள் ஒரு பெண் எங்களிடம் வந்து, நேற்று நீங்கள் விவரித்ததெல்லாம் என் வீட்டில் நடக்கிறது என்று சொன்னால், அவருக்கு என்ன பதில் சொல்வது, அவரை யாரிடம் அழைத்துச் செல்வது, அவர் சொன்னது வெளியே கசியாமல் யார் பார்த்துக்கொள்வது ஆகிய கேள்விகள் எதற்கும் அன்று எங்களிடம் விடை இல்லை. பேச வைப்பதற்கு முன்னால் கேட்பதற்கு ஆயத்தமாக வேண்டும் என்பதையே இயக்கத்தின் அடிப்படையாக வைத்துக்கொள்ள முடிவு செய்தோம்.

ஆகவே நாங்கள் முதலில் கேட்டது கால அவகாசம். நவம்பர் 25 என்ற தொடக்க நாளை மாற்றாமல், அதற்கு முந்தைய வாரங்களை ஆயத்தப் பணிக்கு ஒதுக்கித் தருமாறு கேட்டோம். ஒரு நாள் நிகழ்ச்சி போதாதா என்ற கேள்வி எழுந்தபோது அந்த நாள்களின் வரலாறு எங்களுக்குக் கைகொடுத்தது. டொமினிக்கன் குடியரசில் ட்ருஹியோவின் சர்வாதிகாரத்தை எதிர்த்து நின்ற மிரபால் சகோதரிகள் மூவர் கொல்லப்பட்டது 1960 நவம்பர் 25 அன்று. 1981இல் பொகோட்டாவில் கூடிய இலத்தீன் அமெரிக்க, கரீபியப் பெண்ணியவாதிகள் அந்த நாளை வன்முறைக்கு எதிரான நாளாகத் தேர்ந்தெடுக்க, 1999இல் ஐக்கிய நாடுகள் பொதுச்சபையும் அதை ஏற்றுக்கொண்டது. டிசம்பர் 10 மனித உரிமைகள் நாள். வீட்டுக்குள் விழும் அடி குடும்பத்தின் சொந்த விவகாரம் அன்று, மனித உரிமை மீறல் என்பதை நிறுவுவதற்காகவே 1991 முதல் இந்த இரண்டு நாள்களையும் இணைத்து இயக்கம் நடத்தப்படுகிறது. இடையில் வரும் டிசம்பர் 6, மான்ட்ரியால் பொறியியல் கல்லூரியில் 14 பெண்கள், பெண்கள் என்ற காரணத்திற்காகவே, 1989இல் கொல்லப்பட்ட நாள். இவற்றைக் கேட்ட பிறகு நிர்வாகம் 16 நாளுக்கும் இசைந்தது. ஆயத்தப் பணிக்கான வாரங்களையும் தந்தது.

ஆயத்தத்தின் முதல் வேலை, எந்தச் சுவரொட்டியில் எந்த உதவி எண்ணை அச்சிடப்போகிறோமோ அந்த எண்ணை நாங்களே அழைத்துப் பார்ப்பது. பகலில் அழைத்தோம், இரவிலும் அழைத்தோம், விடுமுறை நாளிலும் அழைத்தோம். பட்டியலில் இருந்த ஓர் எண் எந்த நேரத்திலும் எடுக்கப்படவில்லை. இன்னொன்றில் பேசியவர், புகார் எழுதித் தந்தால்தான் எதுவும் சொல்ல முடியும் என்றார். இரண்டையும் நீக்கினோம். பல மாதங்கள் தயங்கி, வீட்டில் யாரும் இல்லாத சில நிமிடங்களில் துணிந்து அழைக்கும் ஒருவருக்கு மறுமுனையில் மணி மட்டும் ஒலித்துக்கொண்டிருந்தால், அவர் இரண்டாம் முறை முயல்வார் என்று யாராலும் உறுதி கூற முடியாது. எஞ்சிய எண்களுக்கு எதிரே, எந்த மொழிகளில் பேசுவார்கள், இரவில் தங்கும் புகலிடம் உண்டா, குழந்தைகளோடு வருபவரை ஏற்பார்களா, காவல்துறைக்குத் தெரிவிப்பது கட்டாயமா என்பனவற்றைக் கேட்டு எழுதி வைத்துக்கொண்டோம். அலுப்பூட்டும் வேலைதான், ஆனாலும் இயக்கம் முழுவதிலும் மிகுந்த பயன் தந்தது அந்த ஒரு தாள் என்று இன்றும் நினைக்கிறேன்.

இரண்டாவது, கேட்பவர்களைத் தேர்ந்தெடுத்துப் பயிற்றுவிப்பது. பதவியில் மூத்தவர்களை நாங்கள் தேடவில்லை. யாரிடம் சொன்னால் செய்தி வெளியே போகாது என்று பெண் ஊழியர்கள் ஏற்கெனவே நம்பினார்களோ அவர்களையே கேட்டுக்கொண்டோம். பாதிக்கப்பட்ட பெண்களோடு பல ஆண்டுகள் பணியாற்றிய ஆலோசகர் ஒருவர் பயிற்சி அளித்தார். அவர் அடிப்படையாகக் கொண்டது உலக சுகாதார நிறுவனம் மருத்துவப் பணியாளர்களுக்காக 2014இல் வெளியிட்ட கையேட்டின் ஐந்து படிகளை: காது கொடுத்துக் கேட்பது, தேவை என்ன என்று விசாரிப்பது, அவர் சொல்வதை நம்புவதாக உணர்த்துவது, பாதுகாப்பைப் பற்றிப் பேசுவது, உதவி கிடைக்கும் இடத்தோடு இணைப்பது. படிகள் எளியவை. கடைப்பிடிப்பது கடினம் என்பது ஒத்திகையில்தான் தெரிந்தது. எங்களில் பெரும்பாலோர் இரண்டாவது நிமிடத்திலேயே அறிவுரை கூறத் தொடங்கினோம். "இவ்வளவு நாள் ஏன் பொறுத்துக்கொண்டீர்கள்?" என்ற கேள்வி, அக்கறையோடு கேட்கப்பட்டாலும், பாதிக்கப்பட்டவரின் காதில் குற்றச்சாட்டாகவே விழுகிறது என்று ஆலோசகர் பொறுமையாக விளக்கினார்.

அவர் இரண்டு செய்திகளை மிகவும் வலியுறுத்தினார். ஒன்று, வெளியேறிவிடு என்று எவரையும் அவசரப்படுத்தக் கூடாது. உறவை முறித்துக்கொண்டு வெளியேறும் காலமும் அதற்கு அடுத்த மாதங்களும் ஒரு பெண்ணின் உயிருக்கு மிகுந்த ஆபத்தான காலம். திட்டமில்லாமல் வெளியேறுவது சில நேரங்களில் தங்கியிருப்பதைவிடக் கொடியதாக முடியும். மற்றொன்று, கழுத்தை நெரித்த நிகழ்வு ஒருமுறை நடந்திருந்தாலும் அதைச் சாதாரண அடியோடு சேர்த்து எண்ணிவிடக் கூடாது. வெளியில் காயம் தெரியாமலே உள்ளே பாதிப்பு இருக்கக்கூடும் என்பதோடு, பின்னாளில் கொலையில் முடிந்த வழக்குகளில் அது பலமுறை காணப்பட்ட முன்னறிகுறி. கொன்றுவிடுவேன் என்ற மிரட்டல், ஆயுதம், கருவுற்ற காலத்தில் அடிப்பது, நாள் முழுவதும் பின்தொடர்வது ஆகியவையும் அந்தப் பட்டியலில் இருந்தன. கணவரையும் மனைவியையும் ஒன்றாக உட்காரவைத்துச் சமாதானம் பேசும் பழக்கத்தைக் கைவிடச் சொன்னபோது எங்களில் சிலர் தயங்கினர். அது நன்மை என்றே நம்பி நாங்கள் வளர்ந்திருக்கிறோம். ஆனால் அச்சுறுத்துபவர் அருகில் அமர்ந்திருக்க உண்மையைச் சொன்ன பெண்ணுக்கு அன்றிரவு வீட்டில் என்ன நேரும் என்பதைச் சிந்தித்தால் அந்தத் தயக்கம் நீங்கிவிடும்.

சுவரொட்டிகளைப் பற்றி நீண்ட விவாதம் நடந்தது. கண் வீங்கிய பெண், மூலையில் முகம் புதைத்து அமர்ந்திருக்கும் பெண் ஆகிய படங்களே முதலில் எங்களுக்கு அனுப்பப்பட்டன. அவற்றை ஏற்கவில்லை. காயம் தெரிந்தால்தான் வன்முறை என்ற எண்ணத்தை அவை உறுதிப்படுத்துகின்றன. அடியே விழாமல் ஆண்டுக்கணக்கில் அஞ்சி வாழும் பெண், அந்தப் படத்தைப் பார்த்து, இது எனக்கானது அன்று என்று கடந்து போய்விடுவார். எனவே சொற்களை மட்டும் வைத்துச் சுவரொட்டிகளை அமைத்தோம். உங்கள் சம்பளம் உங்கள் கையில் தங்குகிறதா? உங்கள் கைபேசியை யார் திறந்து பார்க்கிறார்கள்? உங்கள் தாயைப் பார்க்கப் போக யாரிடம் அனுமதி கேட்கிறீர்கள்? வீட்டுக் கதவு திறக்கும் ஓசை கேட்டால் உங்கள் உடல் என்ன செய்கிறது? ஒரு பெண் தன்னையே கேட்டுக்கொள்ளக்கூடிய இத்தகைய கேள்விகள் எந்தப் புள்ளிவிவரத்தையும்விட ஆழமாகச் சென்று சேர்ந்தன.

அவற்றை எங்கே ஒட்டுவது என்பதும் முக்கியமாக இருந்தது. நுழைவாயிலில் பெரிதாக ஒட்டினால் அதன் முன் நின்று எண்ணைக் குறித்துக்கொள்ளும் துணிவு யாருக்கும் இருக்காது. கழிப்பறைக் கதவின் உட்புறம்தான் ஒரு பெண் தனியாக நிற்கக்கூடிய இடம் என்பதால், எண் இருந்த சுவரொட்டிகளை அங்கே ஒட்டினோம். வீட்டுக்கு எடுத்துச் செல்லும்படி துண்டறிக்கை எதையும் தரவில்லை. கைப்பையைச் சோதிக்கும் ஒருவரின் கண்ணில் அது பட்டால் என்ன ஆகும் என்பதை ஆலோசகர் முன்பே எச்சரித்திருந்தார். தலைப்போ நிறுவனத்தின் பெயரோ இல்லாமல் எண் மட்டும் உள்ள சிறு சீட்டுகளை, விரும்பியவர் எடுத்துக்கொள்ளுமாறு கழிப்பறையில் வைத்தோம். அவை தீர்ந்துபோகும் வேகத்தைக் கண்டபோதுதான் தேவையின் அளவு எங்களுக்கு விளங்கியது.

கூட்டங்கள் நடந்த விதத்தைச் சுருக்கமாகவே சொல்கிறேன். பெண்களுக்குத் தனியாகவும் ஆண்களுக்குத் தனியாகவும் பின்னர் இருவருக்கும் சேர்த்தும் நடத்தினோம். பணி நேரத்திலேயே நடத்த வேண்டும் என்பதில் உறுதியாக இருந்தோம். பணி முடிந்த பிறகு அரை மணி நேரம் தாமதமாக வீடு திரும்பினால் கணக்குச் சொல்ல வேண்டிய நிலையில் இருக்கும் பெண்ணுக்காகத்தானே இந்தக் கூட்டம். துப்புரவுப் பணியில் இருந்த ஒப்பந்தப் பெண்கள் முதல் அட்டவணையில் இடம்பெறவே இல்லை. அவர்களின் மேற்பார்வையாளரிடம் பேசி, ஊதியம் பிடிக்கப்படாது என்ற உறுதியைப் பெற்று, அவர்களுக்கான நேரத்தில் தனிக் கூட்டம் வைத்தோம். மிக நேர்த்தியான கேள்விகள் அங்கேதான் எழுந்தன.

ஆண்களின் கூட்டத்தில் நாங்கள் எதிர்பார்த்த கேள்வி முதலிலேயே வந்தது: ஆண்கள் பாதிக்கப்படுவதில்லையா? இதைக் குதர்க்கம் என்று தள்ளிவிடக் கூடாது என்று முன்பே தீர்மானித்திருந்தோம். பாதிக்கப்படுகிறார்கள், உலகில் கொலை செய்யப்படுபவர்களில் ஏறத்தாழ 80 விழுக்காட்டினர் ஆண்கள். ஆனால் எங்கே, யாரால் என்று பார்க்க வேண்டும். ஐக்கிய நாடுகள் அமைப்புகளின் மதிப்பீட்டின்படி 2023இல் இணையராலோ குடும்பத்தினராலோ கொல்லப்பட்ட பெண்களும் சிறுமிகளும் சுமார் 51,100 பேர். கொல்லப்பட்ட பெண்களில் ஏறத்தாழ 60 விழுக்காட்டினர் இப்படிச் சொந்த வட்டத்தில் கொல்லப்பட்டனர். ஆண்களில் அந்த அளவு ஏறத்தாழ 12 விழுக்காடு. ஆணுக்கு ஆபத்து பெரும்பாலும் வெளியே இருக்கிறது, பெண்ணுக்கு அது அவர் உறங்கும் இடத்தில் இருக்கிறது என்று ஆலோசகர் சொன்னதும் அரங்கில் நிலவிய எதிர்ப்பு வெகுவாகத் தணிந்தது.

அதன் பிறகு பேச்சு சமத்துவத்தை நோக்கி நகர்ந்தது. அடிப்பது தவறு என்பதில் அங்கே எவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. வீட்டில் இறுதி முடிவு யாருடையது, மனைவியின் வருமானத்தைச் செலவிடுபவர் யார், நண்பர் குழுவில் ஒரு பெண்ணை இழிவுபடுத்தும் செய்தி வரும்போது நாம் என்ன செய்கிறோம் என்று கேட்டபோதுதான் தயக்கம் தொடங்கியது. அந்தத் தயக்கத்தில்தான் விழிப்புணர்வின் உண்மையான வேலை இருக்கிறது என்பது என் உறுதியான கருத்து. கீழ்ப்படிய வேண்டியவர் ஒருவர், அடங்காவிட்டால் திருத்த வேண்டியவர் மற்றொருவர் என்ற ஏற்பாடு குலையாத வீட்டில், கை ஓங்கப்படாமல் இருப்பது ஆணின் மனநிலையைப் பொறுத்ததாகவே இருக்கும். பெண்ணின் உரிமையாக இருக்காது. நண்பர் குழுவில் குறைந்தபட்சம், இது சரியில்லை என்று ஒரு வரி எழுத முடியும் என்று இளைஞர் ஒருவர் சொன்னார். அவருடைய மேலாளர் அதே அறையில் அமர்ந்திருந்த நிலையில் அவர் அதைச் சொன்னது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி தந்தது.

கூட்டங்களின்போது எந்தப் பெண்ணும் தன் கதையைச் சொல்லவில்லை. சொல்லுமாறு நாங்கள் கேட்கவும் இல்லை. வந்தவர்கள் பின்னர்தான் வந்தார்கள். சிலர் ஒரு தோழிக்காகக் கேட்பதாகத் தொடங்கினர். அவர்கள் தோழியைப் பற்றிப் பேசிய வரையில் நாங்களும் தோழியைப் பற்றியே பேசினோம். பெரும்பாலோர் வழக்கையோ புகாரையோ நாடவில்லை. தங்களுக்கு நேர்வதற்குப் பெயர் உண்டு, அதற்குத் தாங்கள் காரணமல்லர் என்பதை ஒருவர் வாயால் கேட்டுச் செல்லவே வந்தனர். வீட்டை விட்டு வெளியேற விரும்பாதவர்களோடு பாதுகாப்புத் திட்டம் வகுத்தோம்: அடையாள ஆவணங்களின் நகலை நம்பிக்கைக்குரிய ஒருவரிடம் வைத்திருப்பது, ஆபத்தென்று உணர்த்த ஒரு குறிச்சொல்லை அண்டை வீட்டாரோடு பேசி வைத்துக்கொள்வது, சண்டை முற்றும் நேரத்தில் சமையலறையிலோ வெளியேற வழியில்லாத அறையிலோ நிற்காமல் இருப்பது, கைபேசியில் இருப்பிடத்தைக் காட்டும் வசதியைக் கவனிப்பது, தேவைப்படும் குழந்தைகளுக்கு அவசர எண்ணைக் கற்றுத் தருவது. இருப்பிட வசதியைத் திடீரென அணைப்பதும் சந்தேகத்தைக் கிளப்பும் என்பதால், எப்போது அணைப்பது என்ற முடிவை அந்தப் பெண்ணிடமே விட்டோம்.

இயக்கம் முடிந்ததும் நிர்வாகம் அறிக்கை கேட்டது. எத்தனை பேர் கலந்துகொண்டனர் என்பதைக் கொடுத்தோம். எத்தனை பேர் உதவி நாடினர் என்பதைக் கொடுக்க மறுத்தோம். ஒரு பணியிடத்திற்குள் அந்த எண்ணிக்கையே ஊகத்துக்கு இடமளிக்கும். மாறாக, அறிக்கையின் பெரும்பகுதியைக் கோரிக்கைகளுக்கு ஒதுக்கினோம். 2019இல் நிறைவேறிய பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 190ஆம் உடன்படிக்கையும் அதனோடு இணைந்த 206ஆம் பரிந்துரையும் குடும்ப வன்முறை வேலையைப் பாதிக்கிறது என்பதை ஒப்புக்கொண்டு, பாதிக்கப்பட்டவருக்கு விடுப்பு, நேரத் தளர்வு, பணிநீக்கத்திலிருந்து பாதுகாப்பு ஆகியவற்றைக் குறிப்பிடுகின்றன. நீதிமன்றத்துக்கும் மருத்துவமனைக்கும் செல்லும் நாள்களுக்கு ஊதியத்துடன் கூடிய விடுப்பு, சம்பளம் செலுத்தப்படும் வங்கிக் கணக்கை ஊழியர் மட்டும் அறிய மாற்றிக்கொள்ளும் உரிமை, பணியிட மாற்றம், வீட்டிலிருந்து வரும் விசாரணை அழைப்புகளுக்கு வரவேற்பறை எந்தத் தகவலும் தராதிருத்தல் ஆகியவற்றைக் கேட்டோம். வங்கிக் கணக்கும் வரவேற்பறையும் தொடர்பான இரண்டு கோரிக்கைகள் உடனே ஏற்கப்பட்டன. விடுப்பு நீண்ட பேச்சுக்குப் பின் நிரந்தர ஊழியர்களுக்கு மட்டும் ஏற்கப்பட்டது. ஒப்பந்தப் பணியாளர்களையும் அதில் சேர்க்க வேண்டும் என்ற கடிதத்தை, துப்புரவுப் பிரிவுப் பெண்களின் கையொப்பத்தோடு கொடுத்திருக்கிறோம்; அடுத்த ஒப்பந்தம் புதுப்பிக்கப்படும்போது அதை ஒரு நிபந்தனையாகச் சேர்ப்பது குறித்து இப்போது பேச்சு நடந்துவருகிறது.