சுண்டுவிரலில் பட்ட பந்து

"நடுவர் விசில் ஊதாதவரை வாயைத் திறக்காதே." பாளையங்கோட்டைப் பள்ளி ஒன்றில் உடற்கல்வி ஆசிரியராக இருந்த எனக்கு, வாலிபால் பயிற்சிக்கு வரும் பையன்களிடம் இதைச் சொல்லிச் சொல்லியே பழகிவிட்டது. அதில் தவறிருப்பதாக நான் நினைத்ததே இல்லை. ஓய்வுநாள் பள்ளியில் பதினைந்தாம் சங்கீதத்தை மனப்பாடமாக ஒப்பித்துப் பரிசு வாங்கியவன் நான். "ஆணையிட்டதில் தனக்கு நஷ்டம் வந்தாலும் தவறாதிருக்கிறான்" என்ற வரி இன்றும் தூக்கத்தில் கேட்டாலும் வரும். மைதானத்தில் மட்டும் அது ஒரு நாளும் வந்ததில்லை.

திசையன்விளைப் பக்கம் ஓர் இறுதி ஆட்டம். காற்றில் செம்மண் பறந்துகொண்டிருந்தது. கடைசி செட்டில் 13-14 என்று நாங்கள் பின்தங்கியிருந்தோம். எதிரணிப் பையன் எகிறி அடித்த பந்து எங்கள் ப்ளாக்கை, அதாவது வலையோரம் எகிறி மறித்த கைகளைத் தாண்டிக் கோட்டுக்கு வெளியே இரண்டு முழம் தள்ளி விழுந்தது. நடுவர் அவுட் காட்டினார். 14-14. எங்கள் பக்கம் ஒரே ஆரவாரம்.

வலையோரம் நின்ற பதினொன்றாம் வகுப்புப் பையன் மட்டும் கத்தவில்லை. தன் வலது சுண்டுவிரலை ஒரு கணம் பார்த்தான். பிறகு நடுவரின் மேடைக்கு அருகே போய், கையை உயர்த்தி, "சார், என் விரலில் பட்டது" என்றான்.

2.43 மீட்டர் உயர வலைக்கு மேலே, முழு வேகத்தில் வரும் பந்து விரல் நுனியை உரசிப் போனால், அடித்தவனுக்குக்கூடத் தெரியாமல் போகலாம். விரலுக்கு உரியவனுக்குத் தெரியும். ப்ளாக்கில் பட்டு வெளியே போனால் புள்ளி அடித்த அணிக்குத்தான். 13-15. தோற்றோம். ஆட்டம் முடிந்தது.

எதிரணிப் பயிற்சியாளர் கை நீட்டியபடி என்னை நோக்கி வந்தார். நான் பார்க்காததுபோல் குனிந்து பந்துகளைப் பைக்குள் திணித்துக்கொண்டிருந்தேன்.

வேனில் யாரும் பேசவில்லை. பொறுக்க முடியாமல் நான்தான் கேட்டேன், "ஏன்டா சொன்னாய்?" "பட்டது சார்" என்றான். அவ்வளவுதான். நாங்குநேரியில் டீ குடிக்க இறங்கியபோது அணித் தலைவன் தன் வடையைப் பிய்த்துப் பாதியை அவனிடம் நீட்டினான். எனக்கு அதுகூடத் தோன்றவில்லை.

2023 நேஷன்ஸ் லீக் என்ற சர்வதேச வாலிபால் போட்டிகளில், தன் தவறைத் தானே ஒப்புக்கொள்ளும் ஆட்டக்காரருக்கு நடுவர் பச்சை அட்டை காட்டும் முறையைக் கொண்டுவந்தார்கள். செய்தித்தாளில் அதைப் படித்த காலையில் அந்தப் பையனின் முகம்தான் எதிரே நின்றது. அவனுக்கு அன்று கிடைத்தது என் முறைப்பு.

அந்த ஆட்டத்துக்கு மறு ஆண்டு, போட்டிக்கு அனுப்பும் வயதுச் சான்று என் மேசைக்கு வந்தது. இது வேறொரு பையன், நல்ல உயரம். அவன் இருந்தால் மாவட்ட அளவுக்குப் போய்விடலாம். வயது வரம்பை மட்டும் தாண்டியிருந்தான். "தேதியைப் பார்த்துப் போட்டுக்கொள்ளுங்கள்" என்றார் மேலிடத்தில் ஒருவர். இதற்கு முன் இப்படிப்பட்ட தாள்களில் நான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். கர்த்தர் என்னை மன்னிப்பாராக. அன்று பேனாவைத் திறந்தேன். "பட்டது சார்" என்ற குரல் கேட்டது. மூடிவிட்டேன். அந்த உயரமான பையனை அழைத்து, உன் வயதுப் பிரிவில் உனக்குப் பயிற்சி தருகிறேன் என்று சொன்னேன். அழுதான். அவன் அப்பாவிடம் பேசுவது அதைவிடக் கடினமாக இருந்தது.

முதல் சுற்றிலேயே தோற்றோம். ஆசிரியர் அறையில் இரண்டு வாரம் என் காதுபடப் பேசினார்கள். ஆனால் தோற்ற அன்று மாலை, எதிரணிக்குக் கை கொடுக்கப் பையன்களை வரிசையில் நிறுத்தியபோது, முதல் ஆளாக நான் போய் நின்றேன்.