சி.ஐ.பி.டி. ஃபெலோ மதிப்பீடு: வேண்டாம் என்று ஒதுக்கியதையும் எழுதி வையுங்கள்

போன வாரம் முடிவு வந்தது. எச்.ஆர். தொழில்காரர்களின் பிரிட்டிஷ் அமைப்பான சி.ஐ.பி.டி.யில் சார்ட்டர்டு ஃபெலோ என்ற உயர் உறுப்பினர் நிலை கிடைத்துவிட்டது. நாகர்கோவிலில் குடியிருந்து, மார்த்தாண்டம் பக்கத்து முந்திரி ஆலைகளில் எச்.ஆர். வேலை பார்த்துக்கொண்டு, லண்டன் அமைப்பு ஒன்றின் மதிப்பீட்டுக்குப் போக முடியுமா என்று தெரிந்தவர்கள் பலர் கேட்டார்கள். தாராளமாகப் போகலாம். மனசு லேசாக இருக்கும்போதே எழுதிவிடுகிறேன், அப்புறம் பாதி மறந்துபோகும்.

நான் போனது அனுபவ வழியில், அதாவது செய்த வேலையை வைத்தே மதிப்பிடுகிற வழியில். எச்.ஆர். ஆளிடம் என்னென்ன அறிவும் நடத்தையும் வேண்டும் என்று அந்த அமைப்பு போட்டிருக்கிற பட்டியல்தான் புரொஃபெஷன் மேப். அந்த ஆறு அறிவுப் பகுதிகளையும் எட்டு நடத்தைகளையும் மனப்பாடம் செய்யாதீர்கள். அவை ஒவ்வொன்றும் உங்கள் வேலையில் எந்த நாளில், எந்த மேசையில் நடந்தது என்று சொல்லத் தெரிந்தால் போதும்.

என் அனுபவத்தில் எல்லாவற்றையும்விடக் கைகொடுத்தது ஒன்றுதான். நான் என்ன செய்தேன் என்பதோடு, செய்திருக்கக்கூடிய வேறு எதையெல்லாம் ஒதுக்கினேன், ஏன் ஒதுக்கினேன் என்பதையும் எழுதி வைத்திருந்தேன். மதிப்பிடுகிற அசெஸரோடு ஆன்லைனில் நடந்த உரையாடலில் பெரும்பகுதி அதைச் சுற்றித்தான் போனது.

ஒரு உதாரணம் விரிவாகச் சொல்கிறேன்.

எங்கள் ஆலை ஒன்றில் வருகைப் பதிவுக்குக் கைரேகைக் கருவி வைத்தார்கள். முந்திரிக்கொட்டை உடைக்கிற பெண்களின் கையை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஓட்டிலிருந்து வருகிற எண்ணெய் தோலை அரித்துவிடும். சாம்பலோ தேங்காய் எண்ணெயோ தடவிக்கொண்டு உட்கார்ந்தாலும், வருஷக்கணக்காக உடைத்த விரலில் ரேகை மழுங்கித்தான் இருக்கும். காலையில் வாசலில் வரிசை நிற்கும். கருவி சிவப்பு விளக்கைக் காட்டும். நைட்டிக்கு மேல் போட்டிருக்கிற பழைய சட்டையில் விரலைத் துடைத்துத் துடைத்து மறுபடி வைப்பார்கள். மறுபடியும் சிவப்புதான். உள்ளே போய் நாள் முழுக்க வேலை செய்தும் பதிவில் ஆப்சென்ட் என்று வரும்.

கூலி கிலோக் கணக்கு என்பதால் இதில் என்ன நஷ்டம் என்று நிர்வாகத்தில் கேட்டார்கள். நஷ்டம் இ.எஸ்.ஐ.யில் இருந்தது. ஆறு மாதப் பங்களிப்புக் காலத்தில் 78 நாள் கணக்கில் இருந்தால்தான் நோய்க்காலப் பணம் கிடைக்கும். பதிவில் நாள் குறைந்தால், அறுவை சிகிச்சை முடிந்து வீட்டில் படுத்திருக்கிறவளுக்கு அந்தப் பணம் வராமல் போகும். இதை ஒரு தாளில் கணக்காகப் போட்டுக் காட்டியபோதுதான் முதலாளி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

அவர் முன்னால் மூன்று வழிகள் இருந்தன. ரேகை விழாதவர்களுக்கு சூப்பர்வைசரே கையால் எழுதிக்கொள்வது முதல் வழி. செலவே இல்லை, அவருக்கும் அதில்தான் விருப்பம். இரண்டாவது, முகத்தை வைத்து அடையாளம் காணும் கருவி. மூன்றாவது, கருவியில் தட்டுகிற சாதாரண அடையாள கார்டு. நான் கார்டு என்றேன். சூப்பர்வைசர் பேனாவில் விட்டால் யாருடைய வருகையும் அவருடைய தயவில் நிற்கும், அதனால் அது வேண்டாம் என்று முதலாளியிடமே சொன்னேன். முகக் கருவியில் படங்களெல்லாம் விற்பனை செய்கிற நிறுவனத்தின் சர்வரில் போய் உட்காரும். டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023இல் வந்த பிறகு அந்தப் பொறுப்பை நாமும் சுமக்க வேண்டும், அதற்கு நாம் தயாராக இல்லை என்றேன்.

அசெஸர் நேராக அங்கேதான் வந்தார். கார்டு என்றால் ஒருத்திக்காக இன்னொருத்தி தட்டிவிடலாமே, அது தெரிந்தும் ஏன் அதைத் தேர்ந்தெடுத்தீர்கள் என்று கேட்டார். அந்தத் தப்பு நடந்தால் உடைத்த கொட்டையின் எடைப் பதிவோடு ஒப்பிட்டு அன்று மாலையே கண்டுபிடித்துவிடலாம், சூப்பர்வைசர் எழுதாமல் விட்டதைக் கண்டுபிடிக்க எங்களிடம் வழியே இல்லை என்றேன். அதற்குப் பிறகு உரையாடல் இரண்டு சக தொழில்காரர்கள் பேசிக்கொள்வதுபோல ஆகிவிட்டது. அந்த ஒரு பதில்தான் எனக்கு ஃபெலோ வாங்கிக் கொடுத்தது என்று இன்றும் நம்புகிறேன்.

ஆகவே ஒவ்வொரு உதாரணத்துக்கும் ஒரு முழுப் பக்கம் ஒதுக்கி இதை எழுதுங்கள்:

- என்னிடம் என்ன கேட்டார்கள்
- வேறு என்னென்ன வழி இருந்தது
- ஒவ்வொரு வழியிலும் யாருக்கு நஷ்டம்
- எதை மறுத்தேன், யாரிடம், எப்படிச் சொன்னேன்
- பிறகு எது மாறியது, அதைக் காட்ட என் கையில் என்ன பதிவு இருக்கிறது

கடைசி வரிக்கு சம்பள நாள் புகார்ப் பதிவேடு, லீவு ரிஜிஸ்டர், வேலையை விட்டுப் போனவர்கள் பட்டியல் போன்றவை போதும். பெரிய சாஃப்ட்வேர் அறிக்கை எதுவும் வேண்டாம். மாற்றத்துக்கு முந்தைய ஆறு மாதமும் பிந்தைய ஆறு மாதமும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் அதுதான் ஆதாரம்.

முதலாளியிடம் மறுத்ததை எழுதினால் அவரை விட்டுக்கொடுத்ததுபோல ஆகிவிடுமே என்று நம் பக்கத்தில் பலர் தயங்குகிறார்கள். தயங்க வேண்டாம். அவருடைய கவலையை முதலில் நியாயமாக எழுதுங்கள். பச்சைக் கொட்டை ஆப்பிரிக்காவிலிருந்து வருகிறது, விலை அவர் கையில் இல்லை, செலவைக் குறைக்கத்தான் பார்ப்பார். அதை எழுதிவிட்டு உங்கள் மறுப்பை எழுதினால் இரண்டு பேருக்கும் மரியாதை இருக்கும். மேப்பில் துணிச்சல் என்றும் வணிகப் புரிதல் என்றும் தனித்தனியாகச் சொல்லியிருக்கிற இரண்டும் அந்த ஒரே பத்தியில் வந்துவிடும்.

ஆலை உதாரணம் சின்னதாகத் தெரியுமோ, ஐ.டி. கம்பெனிக்காரர்கள்போலப் பேச வேண்டுமோ என்ற பயமும் வேண்டாம். இந்த அமைப்பே 1913இல் யார்க் நகரத்தில், ரவுன்ட்ரீ சாக்லேட் ஆலையில் கூடிய நலப் பணியாளர்களிடமிருந்து தொடங்கியதுதான். ராயல் சார்ட்டர் வந்தது 2000த்தில். தொழிற்சாலைப் பெண்களின் நலம் பார்த்தவர்கள் போட்ட அடித்தளம் அது. முந்திரி ஆலை, மீன்வலைக் கம்பெனி, ரப்பர் தோட்டம், ஆஸ்பத்திரி என்று நம் மாவட்டத்தில் எங்கே வேலை பார்த்தாலும் உங்கள் உதாரணத்துக்கு அங்கே இடம் உண்டு.

பிரிட்டிஷ் தொழிலாளர் சட்டத்தை உட்கார்ந்து படித்து நேரத்தை வீணாக்காதீர்கள். நான் படிக்கவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. பி.எஃப்., இ.எஸ்.ஐ., கிராஜுவிட்டி ஒவ்வொன்றையும் வெளிநாட்டுக்காரருக்கு ஒரே வாக்கியத்தில் விளக்கப் பழகுங்கள். புதிய உதாரணம் தேடுகிறவர்களுக்கு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் இருக்கின்றன. வீட்டு வாடகைப் படி போன்ற படிகளெல்லாம் சேர்ந்து மொத்த ஊதியத்தில் பாதியைத் தாண்டினால் தாண்டிய பங்கும் சம்பளக் கணக்கில் சேரும் என்பதால் எத்தனை சம்பளச் சீட்டுகளை மாற்றி எழுதியிருப்போம்! கையில் வாங்குகிற தொகை என்ன ஆகும் என்று ஊழியர்களுக்கு யார் விளக்கினார்கள்? நீங்கள்தானே. அதை எழுதுங்கள்.

மாதிரி விடைகளைக் காசுக்கு விற்கிற பயிற்சிக்காரர்கள் இருக்கிறார்கள். ஒரு இடத்தில் எனக்கும் அனுப்பினார்கள். எல்லாம் ஒரே அச்சு. யாருடைய ஆலைக்கும் பொருந்தாது. இரண்டாவது கேள்வியிலேயே உதிர்ந்துவிடும்.

நான் கூட்டமாகப் படிக்கிற ஆள் இல்லை. விடியற்காலையில் தனியாக உட்கார்ந்து எழுதுவேன். பேசிப் பார்க்க மட்டும் ஒருவர் வேண்டும், எனக்கு அது என் மைனி. பள்ளிக்கூட டீச்சர், எச்.ஆர். என்றால் என்னவென்றே தெரியாது. அதுதான் நல்லதாகப் போயிற்று. நான் பெரிய வார்த்தை எதையாவது சொன்னால் உடனே நிறுத்துவார். “அதெல்லாம் சரி, அவியளுக்கு என்ன கிடைச்சு? அதச் சொல்லு” என்பார். தொழில் தெரிந்த நண்பர்கள் தலையாட்டிக் கேட்டுக்கொள்வார்கள், அது உதவாது. உங்கள் வேலையைப் பற்றி ஒன்றும் தெரியாத, ஆனால் விடாமல் கேட்கிற ஒருவரைப் பிடியுங்கள்.

ஃபெலோவுக்குக் கீழே இருக்கிற சார்ட்டர்டு மெம்பரா, ஃபெலோவா என்று குழப்பமாக இருந்தால் பதவியின் பெயரைப் பார்க்காதீர்கள். உங்கள் முடிவு எவ்வளவு தூரம் போகிறது என்று பாருங்கள். ஒரு துறைக்குள் நிற்கிறதென்றால் மெம்பர். நிறுவனம் முழுக்கப் போய், வெளியே இன்னொரு ஆலைக்காரரும் அதை எடுத்துக்கொண்டார் என்றால் ஃபெலோவுக்குத் துணிந்து போங்கள்.

இன்னும் சில:

- உரையாடல் நேரத்தை இந்திய நேரத்தில் எழுதி உறுதி செய்துகொள்ளுங்கள். பிரிட்டனில் மார்ச், அக்டோபர் மாதங்களின் கடைசி ஞாயிறுகளில் கடிகாரத்தை மாற்றுவார்கள். கோடையில் நாலரை மணி நேர வித்தியாசம், குளிர்காலத்தில் ஐந்தரை.
- ஜூன் மழையில் நம் ஊரில் கரன்ட்டை நம்ப முடியாது. இன்வெர்ட்டர் வீட்டில் இருந்தாலும் மோடம் அதில் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். போனில் ஹாட்ஸ்பாட் தயாராக இருக்கட்டும்.
- உச்சரிப்பு புரியவில்லை என்றால் இன்னொரு முறை கேட்கச் சொல்லுங்கள். தப்பே இல்லை.
- கட்டணம் பவுண்டில். கார்டில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையை முன்கூட்டியே திறந்து வையுங்கள்.
- பாஸ்போர்ட்டில் இனிஷியல் விரிந்து அப்பா பெயராக இருக்கும், ஆபீஸில் வெறும் எழுத்தாக இருக்கும். சான்றிதழில் எது வர வேண்டும் என்பதை விண்ணப்பிக்கும்போதே முடிவு செய்துவிடுங்கள்.